முப்பத்தெட்டு அத்தியாயம்

தென்காசி தபால் ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் ஊர்வாரியாகத் தபால் பிரித்து ஓய்வு பெற்ற சங்கரபாண்டியனுக்கு வயது அறுபத்திரண்டு. அவருடைய குருவுக்கு இருபத்தாறு. நூலக மாடியில் ஞாயிறுதோறும் கம்ப்யூட்டர் சொல்லித் தரும் ரஹ்மத் நிஷாதான் அந்தக் குரு.

அவர் மனைவி கோமதிக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. அவள் புத்தகம் தொட்டு ஒன்றரை வருஷம் ஆயிற்று. மின்னூல் என்றால் போனில் எழுத்தை வேண்டிய மட்டும் பெரிதாக்கலாம். அவள் ஆசைப்பட்ட நாவலை, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியவரே இணையத்தில் போட்டிருந்தார். ஆனால் முப்பத்தெட்டு அத்தியாயமும் தனித்தனி டெக்ஸ்ட் ஃபைல்; பெயர் வெறும் எண்தான், 1, 2, 3 என்று.

அவற்றைச் சேர்த்து மின்னூலாக்க நிஷா ஒரு வரி கமாண்ட் எழுதித் தந்தாள். அதைப் பிழையில்லாமல் அடிக்கவே அவருக்கு மூன்று வாரம் பிடித்தது. ஒரு புள்ளி விட்டுப்போகும், ஒரு இடைவெளி கூடிப்போகும். சும்மா சொல்லக் கூடாது, மனுஷர் விடவில்லை. ஒரு நாள் புத்தகம் வந்தேவிட்டது.

கோமதி மூன்று நாள் படித்துவிட்டுப் போனைக் கீழே வைத்தாள்.

“என்னங்க, முதல் அத்தியாயத்துல சின்னப் பொண்ணு. அடுத்ததுல கல்யாணம் முடிஞ்சிருது. புள்ள பொறந்த பெறவு பொண்ணு பாக்க வாராவ. என்ன கூத்து இது?”

திறந்து பார்த்தார். ஒன்றுக்கு அடுத்துப் பத்து. பத்தொன்பது வரை போய், அப்புறம் இரண்டு.

ஞாயிற்றுக்கிழமை நிஷாவிடம் போனார். “எண்ணத் தெரியாத மிஷினு, டீச்சரம்மா. நீங்களே சரி பண்ணித் தந்துருங்க. அவ கண்ணு இருக்கும்போதே படிச்சிரணும்.”

நிஷா ஃபைல் பெயர்களின் பட்டியலை அச்செடுத்து நீட்டினாள்.

“இதை வாசிங்க அண்ணாச்சி. திட்டாம வாசிங்க.”

மூலை மேஜையில் போய் உட்கார்ந்தார். முதல் தடவை கோபத்தோடு வாசித்தார். இரண்டாம் தடவை விரல் தானாக எண்களின் இடது ஓரத்துக்குப் போயிற்று. மிஷின் எண்ணவே இல்லை. முதல் இலக்கத்தைப் பார்த்து, பிறகு அடுத்த இலக்கத்தைப் பார்த்து அடுக்கியிருந்தது. பின்கோடு பார்த்து அவர் தபால் பிரித்ததும் அப்படித்தான்.

“அட, இது நம்ம வேலையல்லா பாக்குது” என்றார் தனக்குள்.

பின்கோடு என்றைக்கும் குழப்பியதில்லையே, ஏன்? எல்லா ஊருக்கும் ஆறு இலக்கம். சின்ன ஊர் என்று யாரும் ஒன்றைக் குறைத்துக் கொடுப்பதில்லை.

அங்கேயே ஒன்று முதல் ஒன்பது வரையான ஃபைல்களின் பெயருக்கு முன்னால் ஒரு பூஜ்யம் போட்டார். 01, 02, 03. கமாண்டை மறுபடி அடித்தார்.

அந்த வாரம் வீட்டில் இரண்டு தடவை குழம்பு அடிப்பிடித்தது. கோமதி போனிலிருந்து தலை தூக்கவில்லை. கருகின குழம்பை மனுஷர் பெருமையாக ஊற்றிச் சாப்பிட்டார்.

ஆனாலும் அடுத்த ஞாயிறு ஒரு குறையோடுதான் மாடி ஏறினார்.

“புத்தகம் சரியா வந்துட்டு, டீச்சரம்மா. ஆனா நான் புரோகிராம் ஒண்ணும் எழுதலியே. பூஜ்யம் போட்டேன், அவ்வளவுதான். அசல் வித்தை எனக்கு எப்போ வரும்?”

நிஷா தன் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். அவளுடைய ஆபீஸ் வேலை ஃபைல்கள் வரிசையாக இருந்தன. 01, 02, 03. சங்கரபாண்டியன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடைசி வரை பார்த்தார்.

“இதை எனக்குக் காலேஜ்ல ஒரு சார் சொல்லித் தந்தார்” என்றாள். “உங்களுக்கு யாரு சொல்லித் தந்தா, அண்ணாச்சி?”