இரண்டு தட்டு

உடுமலைக்குக் கிழக்கே, காற்றாலைகளுக்கு நடுவில் ஒரு லேத் பட்டறை இருந்தது. ஆடிக் காற்றில் அங்கே எல்லாமே சுற்றும். மேற்கு வெயிலில் காற்றாடி இறக்கைகளின் நிழல் ஒவ்வொன்றாக வாசல் வழியே உள்ளே வந்து, தரையைத் தடவிவிட்டுப் போகும். சற்று நேரம் அதையே பார்த்திருந்தால் பட்டறையும் மெதுவாக எங்கோ நகர்ந்து போவதுபோல் இருக்கும்.

குரு தெய்வானைக்கு முப்பத்து நான்கு வயது. சீடர் மாரப்பனுக்கு ஐம்பத்தொன்று. நூல் மில் மூடிய பிறகு தொழில் கற்க வந்தவர். புதிதாக வருகிறவர்கள் அவரிடம்தான், "மேஸ்திரி, வேலை எப்ப முடியும்?" என்று கேட்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே தெய்வானையைக் கைகாட்டுவார்.

அன்று மாரப்பன் சிரிக்கவில்லை. வந்தவர் மெஷினைத் தொடாமல் நின்றார்.

"அம்மணி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுங்க."

"கேளுங்கண்ணா."

"நம்ம பொண்ணு நிரஞ்சனாவுக்குப் பூனாவுல வேலை கெடச்சுதுங்களே. இன்னைக்கு ஆறு மணி பஸ்ஸை விட்டா அந்த வேலை போயிரும். நான்தான் வேண்டாம்னுட்டேன். சர்டிபிகேட் எல்லாம் இதுக்குள்ள இருக்குது."

தன் டூல்ஸ் பெட்டியைக் காலால் தொட்டுக் காட்டினார். அதன் சாவி அவர் அரைஞாணில் தொங்கியது. மனுசன் தூங்கும்போதுகூட அதை அவிழ்ப்பதில்லை.

"மூத்தவனைச் சரின்னு சூரத்துக்கு விட்டேன். ஆறு வருசமாச்சு. ஒரு போன் இல்லீங்க."

"நிரஞ்சனா என்ன சொல்லுது?"

"மொதல்ல அழுதா, சண்டை போட்டா. இப்ப ஒரு வாரமாப் பூனாங்கற பேச்சே இல்லீங்க. காத்தால எந்திரிக்கறா, கோலம் போடறா, சோறாக்கறா. எது சொன்னாலும் சரிங்கப்பாங்கறா." அவர் குரல் தாழ்ந்தது. "அவ சரியாயிட்டா தானுங்க அம்மணி?"

தெய்வானை அலமாரியிலிருந்து மெல்லிய பித்தளை வளையம் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"பம்பு புஷ்ஷுங்கண்ணா. வெளியளவு நாப்பது மில்லி. கடைஞ்சு குடுங்க."

ஓட்டையுள்ள சாமானின் வெளிப்பக்கத்தைக் கடைய வேண்டுமென்றால் உள்ளே ஒரு தண்டைக் கொடுத்துத்தான் பிடிக்க வேண்டும். அந்தத் தண்டுக்கு மாண்ட்ரல் என்று பெயர். அதன் ஒரு முனை மறுமுனையைவிட மயிரிழை பருமன். தட்டத் தட்ட வளையம் இறுகும், கூடவே மயிரிழை விரியவும் செய்யும். இந்த மாதிரி மெல்லிய வளையத்துக்கு அந்தப் பட்டறையில் ஒரே சட்டம்தான்: மரச்சுத்தியலால் இரண்டு தட்டு. மூன்றாவது கிடையாது.

மாரப்பனுக்குச் சட்டம் தெரியும். ஆனால் சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு புஷ் தண்டில் வழுக்கி, கடையும் டூல் உடைந்து தெறித்து அவர் கன்னத்தைக் கிழித்திருந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு யாரும் பார்க்காதபோது அவர் தட்டும் கணக்கே வேறு.

தெய்வானை வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். பின்னால் சத்தம் கேட்டது. டக். டக். கொஞ்சம் இடைவெளி. பிறகு டக், டக், டக்.

ஒரு நிழல் அவள் பாதத்தின் மேல் ஏறி இறங்கிப் போனது. அவள் திரும்பவில்லை.

லேத் ஓடியது. மாண்ட்ரல் அத்தனை வேகத்தில் சுற்றியும் அசையாமல் நிற்பதுபோல் இருந்தது. பித்தளைத் தூள் மஞ்சளாக உதிர்ந்தது. அந்த ரீங்காரத்தில் மாரப்பனின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. பேருந்து, பூனா, பெட்டி எல்லாம் தூரத்தில் யாருடைய கதையோ என்று ஆகிவிட்டது. மெஷினை நிறுத்தி மைக்ரோமீட்டரை வைத்தார்.

"பாருங்கம்மணி. நாப்பது. துளி பிசகில்லை."

தெய்வானை வந்து பார்த்தாள். நாற்பதுதான்.

"கழட்டுங்க."

லேசில் கழலவில்லை. ஓங்கித் தட்டியதும் 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம் போட்டுக்கொண்டு வளையம் வெளியே வந்தது.

"பம்பு மூடியில உக்கார வைங்க."

சரியான புஷ் அந்தக் குழியில் அழுத்தித் தட்டினால்தான் இறங்கும். இது விரலை எடுத்ததும் தானாக உள்ளே விழுந்தது. மாரப்பன் அதை வெளியே எடுத்துத் துடைத்து அளந்தார். நாற்பது இல்லை, குறைந்திருந்தது. மைக்ரோமீட்டரையும் துடைத்து மறுபடி அளந்தார். மூன்றாம் முறையும் அதேதான்.

"மாண்ட்ரல்ல இருக்கற வரைக்கும் சரியா இருந்துச்சுங்களே அம்மணி! நீங்களும் பாத்தீங்க."

"பாத்தேனுங்க."

"எடுத்ததும் எப்படிங்க மாறும்?"

"அது மாறலீங்கண்ணா. இறுக்கத்துல இருக்கறப்ப உங்க அளவைச் சொல்லுச்சு. இப்பத்தான் அதோட அளவைச் சொல்லுது."

மாரப்பன் உள்ளங்கையில் இருந்த வளையத்தையே பார்த்தார். வெளியே காற்று இரைந்தது. ஒரு நிழல் அவரைக் கடந்தது, இன்னொன்று கடந்தது. எத்தனை கடந்தன என்று அவருக்குத் தெரியாது. அவர் கை தானாகக் கன்னத் தழும்பைத் தொட்டது.

"ரெண்டு தட்டோட விட்டா வழுக்கிருச்சுன்னா?"

ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று பாவம், எதிர்பார்த்தார்.

"வழுக்கலாமுங்கண்ணா" என்றாள் தெய்வானை.

சுவர்க் கடிகாரத்தில் ஐந்தேகால். மாரப்பன் குனிந்து அரைஞாண் முடிச்சை அவிழ்த்தார். பல நாள் வியர்வையில் ஊறிய முடிச்சு, சீக்கிரம் விட்டுக்கொடுக்கவில்லை. பெட்டியைத் திறந்து, ஸ்பேனர்களுக்கு அடியிலிருந்து நீல நிற ஃபைலை எடுத்து, சட்டைக்குள் மார்போடு வைத்துப் பொத்தானைப் போட்டார். சைக்கிள் வரை போனவர் திரும்பி வாசலுக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது.

"போனதுக்கப்புறம் ஒரு போன்கூடப் பண்ணலைன்னா நான் என்னங்க பண்றது அம்மணி?"

தெய்வானை இன்னொரு வளையத்தை எடுத்தாள். மாண்ட்ரலில் ஒரு சொட்டு எண்ணெய் தடவிக் கோத்தாள். டக். டக். காதை அருகில் வைத்துக் கேட்டாள்.

பிறகு சுத்தியலைக் கீழே வைத்தாள்.