ஏழு கோல் கயிறு

வேங்கூர் அரசருக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. அரண்மனை எதிரே வட்டமாக ஒரு குளம் வேண்டும். அதன் பரப்பு சரியாக நூற்றைம்பத்து நான்கு சதுரக்கோல் இருக்க வேண்டும்.

குளம் வெட்டும் கூட்டத்தின் தலைவி பொம்மக்கா தலையைச் சொறிந்தாள். "நடுவுல முளையடிச்சுக் கயித்தைக் கட்டிச் சுத்தினா வட்டம் வந்துரும் சாமி. கயிறு எத்தனை கோலுன்னு சொல்லுங்க."

"அதான் பரப்பைச் சொல்லியாயிற்றே!" என்று சீறினார் அரண்மனைக் கணித மேதை அம்பலவாணர். "நாளைக்குள் வட்டம் போடாவிட்டால் உன் கூட்டத்துக்கு இந்த நாட்டிலேயே வேலை கிடையாது."

அரசர் குழம்பினார். அமைச்சர்கள் குழம்பினார்கள். பொம்மக்காவும் குழம்பித்தான் போனாள்.

பிறகு ஒரு கோல் கயிற்றால் சின்ன வட்டம் போட்டு, அதில் விரல் கனத்துக்குக் களிமண் பரப்பினாள். அந்த மண்ணையே வழித்து, அதே கனத்தில், ஒரு கோலுக்கு ஒரு கோல் சதுரங்களாக அடுக்கினாள். மூன்று சதுரமும் ஏழில் ஒரு பங்கும் வந்தது.

"இந்த மாதிரி நாப்பத்தொன்பது வட்டம் சேர்ந்தா உங்க குளம் சாமி. கயிறு ரெண்டு மடங்கானா வட்டம் நாலு மடங்காகும். மூணு மடங்கானா ஒம்பது மடங்காகும். நாப்பத்தொன்பதுக்கு ஏழு கோல் கயிறு."

அம்பலவாணருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும், "இது எனக்கு முன்பே தெரியும்" என்றார்.

அரசருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அப்படியானால் நாலு மடங்கு பெரிய குளமாகவே வெட்டிவிடலாம். கயிறு எவ்வளவு, அம்பலவாணரே?"

"நாலு மடங்குதான் அரசே! இருபத்தெட்டுக் கோல்!"

பொம்மக்கா அரண்மனையை அண்ணாந்து பார்த்தாள். "பதினாலு போதும் சாமி. இருபத்தெட்டு போட்டா, உங்க அரண்மனையும் குளத்துக்குள்ள போயிரும்."