மூடிக்குள்ளே நத்தைத் தடம்

பானையும் மூடியும் எலியும் நத்தையும் மனிதரோடு சரிக்குச் சரி வாயாடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், உலகத்திலேயே சுகமான உத்தியோகம் மூடியினுடையதுதான். பானை பாரம் சுமக்கும். உரல் இடிபடும். அடுப்பு வேகும். மூடிக்கு என்ன? பானையின் தலைமேல் ஏறிச் சும்மா உட்கார்ந்திருக்கும். யாராவது "திற" என்றால் நகர்ந்து வழிவிடும். அப்போது அதற்குத் திருகும் கிடையாது, பிடியும் கிடையாது. காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் உருண்டு தெருவுக்கு வந்துவிடும்.

கரிசல் காட்டில் கிளுவம்பட்டி என்று ஓர் ஊர் இருந்தது. பன்னிரண்டே வீடுதான். ஆனால் அந்த ஊர்க்காரர்களின் பெருமை நூறு வீட்டுக்குக் காணும். "எங்க ஊர்ல கேட்டவங்களுக்குத் திறக்காத பானை கிடையாது" என்று சந்தையில் நின்று மார்தட்டுவார்கள். வழிப்போக்கன் கேட்டாலும் பானை திறக்கும், காக்கை கேட்டாலும் திறக்கும். நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் விதைப்பானையின் மூடிக்கும் அதே வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்து வைத்திருந்தார்கள். அங்கேதான் அவர்கள் கோட்டைவிட்டார்கள்.

பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே விதைப்பானை. இடுப்பு உயரம் இருக்கும். அடுத்த விதைப்புக்கு வேண்டிய கம்பு முழுவதும் அதற்குள்தான். அதன்மேல் பூவரச மரத்தில் கடைந்த மூடி. வருஷத்துக்கு ஒரு வீடு அதைக் காக்க வேண்டும். அந்த வருஷம் வடிவாச்சியும் அவள் புருஷன் கருக்குவேலும் காத்தார்கள்.

அங்கே ஓர் எலி இருந்தது. திருட்டு எலி என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அது கேட்டுவிட்டுத்தான் எடுத்தது. வாசலில் நின்று இரண்டு கையையும் கூப்பும்.

"அண்ணாச்சி, கொஞ்சம் திறங்க. ஒரு வாய் போட்டுட்டுப் போயிருதேன்."

மூடியை அதுவரை யாரும் அண்ணாச்சி என்று கூப்பிட்டதில்லை. 'ஏ மூடி' என்றுதான் எல்லோரும் விரட்டுவார்கள். அண்ணாச்சி என்ற ஒரு சொல்லில் அது குளிர்ந்துபோய், "எடுத்துக்கோ தம்பி" என்று நகர்ந்து கொடுத்தது. தம்பி தினமும் வந்தான். போகப்போகத் தம்பியின் சொந்தபந்தமும் வந்தது.

விதைப்பு நாளில் பானையைச் சாய்த்தால் பாதிக் கம்பைக் காணோம். அந்த வருஷம் ஊரில் பாதி நிலம் தரிசாகக் கிடந்தது. குழந்தைகள் கூழுக்கு அழுதார்கள். ஊர்க்கூட்டத்தில் மாடக்கண்ணு என்பவர் எழுந்து, எல்லோர் முன்னிலும் சொன்னார்: "விதை காக்கத் தெரியாத வீடு."

கருக்குவேல் தலை குனிந்துகொண்டான். வடிவாச்சி குனியவில்லை.

"தப்புத்தான் மாமா. அடுத்த வருஷமும் பானை எங்க வீட்டுலயே இருக்கட்டும். ஒரு மணி குறைஞ்சாலும் இந்த ஊர்ல எங்க அடுப்பு எரியாது. நாங்க கிளம்பிருதோம்."

சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். மூடியை அவள் திட்டவில்லை, அடிக்கவில்லை. மடியில் எடுத்துவைத்துத் தூசியைத் துடைத்தாள். திட்டியிருந்தால்கூட அதற்கு அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் விடிந்ததும் மூடி கண்மாய்க்கு உருண்டு போனது. அங்கே ஒரு நத்தை இருந்தது. கண்மாய் வற்றினால் சேற்றுக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டு ஆறு ஏழு மாதம் கிடக்கும், மழை வந்தால் எழுந்து வரும். அந்தத் திறமையில் அதற்குக் கர்வமும் உண்டு.

"வாரும். சும்மா உட்கார்ந்திருக்கிறவருக்கு இங்க என்ன சோலி?" என்றது நத்தை.

மூடி நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னது. 'அண்ணாச்சி' என்ற சொல்லுக்குத் தான் மயங்கியதையும் மறைக்கவில்லை. "என்னால ஒருத்தி ஊரைவிட்டுப் போகக்கூடாது. எனக்கு இறுக்கிப் பிடிக்கச் சொல்லிக்கொடு."

நத்தை கொஞ்சநேரம் கொம்பை நீட்டி நீட்டிப் பார்த்தது. பிறகு கேட்டது: "என் வாசல்ல கொக்கு வந்து நிக்கும், நண்டு வந்து நிக்கும். எல்லாரும் இனிக்க இனிக்கத்தான் கூப்பிடுவாங்க. நான் என்ன பண்ணுவேன் தெரியுமா?"

"என்ன பண்ணுவ?"

"பேசமாட்டேன். பேசினா வாய் திறக்கணும்லா. வாய் திறந்தா கதவு திறந்த மாதிரிதான்."

"அப்ப யாருக்குத்தான் திறக்கிறது?"

"வார்த்தையைப் பாக்காதேயும், கையைப் பாரும். ஈரக்கைன்னா திறக்காதேயும். பதறுத கைன்னா திறக்காதேயும். உள்ள இருக்கிறது யாருக்குச் சொந்தமோ அவங்க கை மட்டும்தான் நின்னு நிதானமா வரும். ஒரே ஒரு தடவை வார்த்தைக்கு மயங்கித் திறந்தீர்னா, நான் கொடுக்கிற பிடி உம்மை விட்டுப் போயிரும். சம்மதமா?"

"சம்மதம்."

அன்றைக்கே நத்தை கிளம்பியது. கிளம்பியது என்றால், நத்தை அல்லவா, வந்து சேர ஒன்பது நாள் ஆனது. வந்ததும் பானையின் கழுத்தைச் சுற்றி மேலிருந்து கீழாக மூன்று சுற்று ஊர்ந்தது. அது போன வழியெல்லாம் மண் குழைந்து பள்ளம் விழுந்தது. பிறகு மூடியின் உள்விளிம்பிலும் அதே மாதிரி மூன்று சுற்று ஊர்ந்தது. தன் முதுகில் சுமந்துகொண்டிருக்கிற சுழியைத்தான் அது இரண்டிலும் எழுதிவைத்தது. மூடியை வைத்துத் திருப்பினால் பள்ளமும் மேடும் ஒன்றையொன்று கவ்வின.

வடிவாச்சி திருப்பிப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள். மூடி அசையவில்லை. பல மாதம் கழித்து அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள். மூடி அவளிடம் நத்தையின் நிபந்தனையைச் சொன்னது.

"அப்ப நான்தான் வந்திருக்கேன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் அவள்.

"நீயே ஒரு அடையாளம் சொல்லு."

அவள் கரண்டிக் காம்பால் மூடியின் ஓரத்தில் தட்டிக் காட்டினாள். இரண்டு தட்டு ஒட்டி, மூன்றாவது கொஞ்சம் தள்ளி. "டொக் டொக்... டொக்." மூடி அதை மனத்தில் வாங்கிக்கொண்டது.

பாதி நிலத்து வெள்ளாமைதான் என்றாலும், அறுவடை ஆனதும் ஊர் வயிற்றைக் கட்டிப் பதினெட்டு மரக்கால் கம்பை விதைக்கு ஒதுக்கியது. மாடக்கண்ணுவே நின்று அளந்து பானையில் போட்டார். எலி மறுநாளே வந்து, "அண்ணாச்சி!" என்றது. பதில் இல்லை. "அண்ணாச்சிக்குக் காது மந்தமோ?" என்றது. பதில் இல்லை. எலி முகத்தைச் சுளித்துக்கொண்டு வயற்காட்டுக்குப் போய்விட்டது.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. நாலாம் நாள் காலையில் கண்மாய்க் கரை உடைந்தது. ஊரே மாட்டையும் குழந்தைகளையும் இழுத்துக்கொண்டு பாறைமேட்டில் ஏறியது. கருக்குவேல் விதைப்பானையைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைசியாக ஓடிவந்தான். வண்டிப்பாதையில் வெள்ளம் அவன் காலை வாரியது. அவன் ஒரு வேப்பமரத்தைப் பிடித்துத் தப்பினான். பானை போய்விட்டது.

வெள்ளம் பானையை உருட்டியது, முக்கியது, தலைகீழாகப் புரட்டியது. "நான்தான் வடிவாச்சி, திற" என்று மூடியின் காதில் கிசுகிசுத்தது. ஆயிரம் ஈரக்கையால் விளிம்பை நெம்பியது. மூடி பேசவில்லை. நனைந்த பூவரச மரம் உப்பியது, உப்பியதில் பிடி இன்னும் இறுகியது. இடுப்பொடிகிற மாதிரி வலித்தது. விடவில்லை.

நடு வெள்ளத்தில் ஏதோ ஒன்று தத்தளித்து வந்து மூடிமேல் ஏறியது. பார்த்தால் அதே எலி, நனைந்து சுண்டுவிரல் அளவுக்குச் சிறுத்திருந்தது.

"அண்ணாச்சி, குளிருது. கொஞ்சம் திறங்க, உள்ள வந்து ஒண்டிக்கிடுதேன். திங்கமாட்டேன், சத்தியமா!"

அது உண்மையாகவே நடுங்கியது. மூடிக்கு இரக்கம் வந்தது. திறந்தால் எலி பிழைக்குமோ என்னவோ, விதை பிழைக்காது. பன்னிரண்டு வீடும் பிழைக்காது. மூடி வாயைத் திறக்கவில்லை. ஆனால் எலி வழுக்கி விழாதபடி, பானையை மெல்லச் சாய்த்து, தன் முதுகை மட்டமாக வைத்துக்கொண்டது. எலி மூன்று நாள் அந்த முதுகிலேயே உயிரோடு கிடந்தது.

வெள்ளம் வடிந்தபோது பானை ஓடைக்கரையில் ஒரு கருவேல முள்ளில் சிக்கிக் கிடந்தது. எலி இறங்கி ஓடியது. வடிவாச்சி ஓடையின் அக்கரையில் தேடிக்கொண்டிருந்தாள். இக்கரையில் பானையைக் கண்டுபிடித்தது கருக்குவேல்தான்.

அவன் நனைந்த கையோடு பாய்ந்து மூடியைத் திருகினான். வழுக்கியது. பானையைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்து, கழுத்து நரம்பு புடைக்கத் திருகினான். முகம்தான் சிவந்தது. ஊரில் இளவட்டக்கல்லைத் தூக்குகிறவன் அவன் ஒருத்தன்தான். அவனாலேயே ஆகவில்லை என்றதும் ஆளுக்கு ஆள் வந்து முயன்றார்கள். ஒருவர் வேட்டி நுனியைப் போட்டுத் திருகினார், வேட்டி கிழிந்தது. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சுற்றினார்கள், பானையோடு சேர்ந்து அவர்களும் சுற்றினார்கள்.

மேற்கே மறுபடியும் மேகம் கூடியது. மாடக்கண்ணு ஒரு கல்லைத் தூக்கிவிட்டார். "விலகுங்கடே. உடைச்சாத்தான் உண்டு. இருக்குதா, அழுகிப்போச்சான்னாவது தெரியட்டும்."

"கல்லைக் கீழ போடுங்க மாமா!"

வடிவாச்சி இடுப்பளவு தண்ணீரில் ஓடையைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள்.

"மழை வருது. உடைச்சா விதை நனைஞ்சிரும். நீங்க எல்லாரும் அதுகூட மல்லுக்கட்டுதீங்க. அது நமக்காகத்தான் பிடிச்சிட்டு இருக்கு."

அவள் கையும் ஈரம். துடைக்கலாம் என்றால் ஊரிலேயே காய்ந்த துணி கிடையாது. மேகத்துக்கு நடுவே கொஞ்சம் வெயில் இருந்தது. அந்த வெயிலில் இரண்டு கையையும் விரித்து நீட்டியபடி நின்றாள். தூறல் விழுந்துவிடுமோ என்று எல்லோரும் அண்ணாந்து மேகத்தையே பார்த்தார்கள். அவள் அவசரப்படவில்லை. விரல் இடுக்குவரை காய்ந்த பிறகு உட்கார்ந்தாள். கரண்டி வெள்ளத்தோடு போயிருந்தது. ஒரு கூழாங்கல்லை எடுத்து மூடியின் ஓரத்தில் தட்டினாள்.

டொக் டொக்... டொக்.

மூன்று நாளாக மூடி காத்திருந்தது அதற்குத்தான். கரண்டியாக இருந்தால் என்ன, கல்லாக இருந்தால் என்ன, தட்டுகிறவளை அதற்குத் தெரியாதா? அவள் கையை வைத்து நிதானமாகத் திருப்பினாள். பெரிய பலம்கூடப் போடவில்லை.

"டப்!"

மூன்று நாளாக அடக்கிவைத்திருந்த மூச்சை மூடி விட்டது.

உள்ளே கையைவிட்டு ஒரு பிடி அள்ளினாள். கம்பு கலகலவென்று விரல்வழியே உதிர்ந்தது. ஊதினால் தூசி பறந்தது. அவ்வளவு வெள்ளத்துக்கு நடுவில் கிளுவம்பட்டியிலேயே காய்ந்திருந்த பொருள் அது ஒன்றுதான். பெண்கள் குலவை போட்டார்கள். பாறைமேட்டுக்குத் தூக்கிப்போய்ப் பொந்துக்குள் வைத்து மாடக்கண்ணுவே அளந்தார். பதினெட்டு மரக்கால் போட்டது, பதினெட்டு மரக்காலும் இருந்தது. அளந்து முடித்துத் துண்டைத் தோளிலிருந்து இறக்கி, தன் வீட்டுப் பங்கை இரண்டு கையாலும் ஏந்தி வாங்கினார்.

"தாயி, இனிமே உங்க வீடுதான் விதைவீடு. முறை மாத்தவேண்டாம்."

அதுவரை அழாத வடிவாச்சி அப்போதுதான் அழுதாள். மூடியைக் கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு, "நீ சும்மா உட்கார்ந்திருக்கிறவன்னு இனி எவனாவது சொல்லட்டும், நான் கேட்டுக்கிடுதேன்" என்றாள்.

மூடி பதில் சொல்லவில்லை. இறுக்கிப் பிடிக்கிறவனுக்குப் பேச்சு எதற்கு என்று அது பேச்சையே விட்டுவிட்டது. ஆனால் கருக்குவேல் சும்மா இருப்பானா? இளவட்டக்கல் தூக்கிய மானம் என்ன ஆவது? தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்:

"நான் அப்பவே பாதி தளர்த்தி வச்சிட்டேன். இவ கை பட்டதும் வந்துட்டு, அவ்வளவுதான்."

ஊர் சிரித்த சிரிப்பில் மேகமே ஒதுங்கிப்போனது.

நீங்களும் வீட்டில் ஒரு ஊறுகாய் பாட்டிலின் மூடியைக் கழற்றி உள்ளே விரலால் தடவிப் பாருங்கள், நத்தை ஊர்ந்த தடம் இருக்கும். கிளுவம்பட்டி விதைப்பானையின் மூடி கற்றுக்கொண்ட பிடியைத்தான் அதன் வம்சம் இன்றைக்கும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஈரக்கைக்கும் பதறுகிற கைக்கும் மசியாது. கையைத் துடைத்து, ஓரத்தில் மூன்று தட்டுத் தட்டி, நிதானமாகத் திருப்பினால், "டப்" என்று தன் ஒரே வார்த்தையைச் சொல்லித் திறக்கும். அதற்கு முன்னால் திருகித் தோற்றவர் பக்கத்தில் நின்று, "நான்தான் தளர்த்திக் கொடுத்தேன்" என்பார். மூடிக்கு எல்லாம் தெரியும். கருக்குவேல் காலம் முதல் கேட்டுக்கொண்டிருக்கிறது, வாயைத் திறக்காது.