அதிகம் எடுத்தவள்

நூறு தையல் இயந்திரங்கள் ஒன்றாகச் சண்டையிடுவது போன்ற அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எங்கள் காப்பீட்டு அலுவலகம் மொத்தமும் அன்று உச்சி வெயிலில் கோ-கார்ட் என்ற குட்டிப் பந்தய வண்டி ஓட்டப் போயிருந்தது. எல்லோரும் களைத்திருந்தோம். மேலாளர் சம்பந்தம் மட்டும் களைக்கவில்லை.

எதையும் பரீட்சை மதிப்பெண்ணாகவே பேசுகிறவர் அவர். தன் சுற்று முடிந்ததும் நேரம் காட்டும் பலகையைக் காட்டினார். நாற்பத்தெட்டு விநாடி.

தட்டச்சர் பூங்கோதை அந்த நேரம் பார்த்துக் கேட்டாள். "சார், திங்கட்கிழமை அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். கூட இருக்க வேற யாரும் இல்ல. லீவு வேணும்."

"லீவா? முதல்ல வண்டியில ஏறும்மா. என்னைவிட அதிகம் எடுத்துக் காட்டு, தர்றேன். எல்லாரும் சாட்சி!"

ஸ்டீயரிங்கையே அன்றுதான் தொட்டவள் அவள். ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு, "சரி சார்" என்று ஏறினாள். தேர் நகர்வது போல நகர்ந்தாள். எல்லோரும் அவளைத் தாண்டிப் போனார்கள். பலகை தொண்ணூற்றேழு காட்டியது.

"தொண்ணூற்றேழா! நடந்தே வந்திருக்கலாமே!" என்று சம்பந்தம் சிரித்தார்.

"ஆமா சார். நீங்க எடுத்தது நாற்பத்தெட்டு விநாடி, நான் எடுத்தது தொண்ணூற்றேழு. அதிகம்தானே கேட்டீங்க?"

முதலில் சிரித்தது டிக்கெட் கிழிப்பவர், பிறகு நாங்கள் எல்லோரும். "நான் சொன்னது வேற..." என்று தொடங்கிய சம்பந்தம் எங்கள் முகங்களைப் பார்த்தார். "சரி, போய்ட்டு வா" என்றார்.

பூங்கோதையின் அம்மா அதன்பின் நான்கு வருடம் தினமும் செய்தித்தாள் படித்தார். ஐந்தாம் வருடம் இறந்துபோனார்.