எட்டாயிரம் ரூபாய் மீட்டர்

தபால் நிலையத்தில் முத்திரை குத்தும் மரகதவல்லிக்கு, ஞாயிற்றுக்கிழமையானால் சின்னச் சின்ன ரேடியோ செய்வதுதான் பொழுதுபோக்கு. அதற்கென்று மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டர் வாங்க தணிகாசலத்தின் மின்சாமான் கடைக்குப் போனாள்.

“வோல்ட் பாக்கணும், ஒயர் அறுந்திருந்தா தெரியணும். இந்தச் சின்னதே போதும்ணே.”

“அது விளையாட்டுச் சாமான்மா!” தணிகாசலம் மாதிரிக்கு வைத்திருந்த பெரிய மீட்டரைத் தூக்கிக் காட்டினார். “எட்டாயிரம் ரூபா. பொய்யே சொல்லாது. வேற மீட்டர் இல்லாம இதைப் பொய்னு காட்டிட்டா, சின்னதைச் சும்மாவே தரேன்!”

கடையே திரும்பிப் பார்த்தது. மரகதவல்லிக்கு முகம் சுட்டது. ஆனால் மீட்டரின் மூலையில் பேட்டரி தீர்வதைக் காட்டும் குறி மினுங்கியதை அவள் கவனித்துவிட்டாள். அண்ணாந்து பார்த்தாள். சுவர்க் கடிகாரம் நின்றிருந்தது.

“அந்தக் கடிகாரத்துப் பேட்டரியை இந்தப் பெருசுல அளங்கண்ணே.”

அளந்தார். “ஒன்றரை வோல்ட்! புதுசு மாதிரி இருக்கு.”

“அப்ப கடிகாரம் ஏன் ஓடல?”

“கடிகாரம் ரிப்பேரும்மா.”

அவள் கடையிலிருந்தே புது பேட்டரி ஒன்றை எடுத்துப் போட்டாள். கடிகாரம் டிக் டிக்கென்று ஓடியது.

“மீட்டருக்கும் பேட்டரி மாத்துங்கண்ணே. தனக்கே தெம்பில்லாம, அடுத்தவன் தெம்பைக் கூட்டிச் சொல்லுது.”

கடையில் சிரிப்பு அடங்கவில்லை. தணிகாசலம் சின்ன மீட்டரை நீட்டினார். பின்னால் நின்ற வாடிக்கையாளர் கடைக்காரரை விட்டுவிட்டு மரகதவல்லியிடம் குனிந்தார்.

“அக்கா, எனக்கும் ஒண்ணு பாத்துச் சொல்லுங்களேன்.”