அரை நொடிக்கு மேல்

ஒரு நகரத்தில், ஒரு தையற்கடையின் மாடியில், பாட்காஸ்ட் பதிவு செய்யும் அறை ஒன்று இருந்தது. சுவரெல்லாம் எதிரொலியை விழுங்கும் பஞ்சுப் பலகைகள். மேசைமேல் இரண்டு மைக்குகள். கணினிக்குள் ஒரு கத்தரி. கத்தரி என்றதும் இரும்பைத் தேடவேண்டாம். பதிவான பேச்சை வெட்டி ஒட்டும் மென்பொருளுக்கு அந்த அறையில் அதுதான் பெயர்.

அறைக்குச் சொந்தக்காரன் தணிகைவேல். வாரம் ஒரு தொழிலதிபரை அழைத்து, அவர் வளர்ந்த கதையைக் கேட்டு, 'நீங்களும் வளரலாம்' என்ற தலைப்பில் வெளியிட்டான்.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று ஓசையை அளந்துவைத்த இலக்கணக்காரர்கள், ஏனோ மௌனத்தை அளக்காமல் விட்டுவிட்டார்கள். அந்தக் குறையைத் தணிகைவேல் தீர்த்துவைத்தான். 'நடுவில் இழுக்கிறது' என்று நேயர் ஒருவர் எழுதிய அன்றே, அரை நொடிக்கு மேல் யார் பேசாமல் இருந்தாலும் அந்த இடத்தைத் தானாக வெட்டிவிடும்படி கத்தரிக்கு உத்தரவு போட்டான். பிறகு அந்த உத்தரவை மறந்தும்போனான்.

ஆகவே, அந்த நிகழ்ச்சிக்குத் தவறாமல் வந்தும் ஒருமுறைகூட ஒலிபரப்பாகாத விருந்தாளி ஒருவர் இருந்தார். அவர் மௌனம்.

ஒருமுறை எண்ணெய் ஆலை முதலாளி பூபதி வந்திருந்தார்.

"கூடவே இருந்த உங்க தம்பி பிரிஞ்சு போனாரே, அதை எப்படிங்க தாண்டி வந்தீங்க?" என்று தணிகைவேல் கேட்டான்.

பூபதி மேசையைப் பார்த்தார். மௌனம் வந்து உட்கார்ந்தது. காபி ஆறும்வரை அங்கேயே இருந்தது. கடைசியில் அவர், "உழைப்புதாங்க" என்றார்.

அவர் போனதும் கத்தரி வேலையைத் தொடங்கியது.

"அண்ணே, என்னை எடுத்துட்டா அந்த மனுஷன் தம்பியை மறந்துட்டுப் பேசற மாதிரி ஆயிடும்" என்றது மௌனம்.

"வேகமாப் பேசற மாதிரி ஆகும். நேயருக்கு அதுதான் பிடிக்கும்" என்றது கத்தரி.

"நீங்க எப்பவாவது என்னைக் கேட்டிருக்கீங்களா?"

"எனக்குக் காது கிடையாது தம்பி. அளவுதான் உண்டு. தள்ளு."

கேள்வியும் பதிலும் ஒட்டிக்கொண்டன. 'என்ன தெளிவு!' என்று நேயர்கள் பாராட்டினார்கள்.

அந்த அறைக்கு மட்டுமே தெரிந்த செய்தி ஒன்று இருந்தது. தணிகைவேலின் அட்டைப்பெட்டி ஆலை மூடிக் கிடந்தது. தினமும் காலையில் மனைவி சாருமதி கட்டிக்கொடுத்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு, ஆலைக்கு என்று கிளம்பி, இங்கே வந்து உட்கார்ந்திருப்பான். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் அவன் பேசுவதே குறைவு. அதனால் அவள் சமைக்கும்போது இயர்போனை மாட்டிக்கொண்டு அவன் நிகழ்ச்சியைக் கேட்பாள். கணவனோடு பேசிக்கொண்டிருப்பதில் அதுவும் ஒரு வகை.

வீட்டில் சொல்ல முடியாததை மைக்கிடம் சொல்லிவிடலாம் என்று ஒருநாள் முடிவு செய்தான். விருந்தினர் நாற்காலி காலியாக இருந்தது.

"வணக்கம் நண்பர்களே! இன்னைக்கு விருந்தினர் யாரும் இல்லை, நான்தான். சாரு, நீ கேட்டுக்கிட்டு இருப்பேன்னு தெரியும்."

அதற்குமேல் வரவில்லை. மௌனம் வந்தது. இதுவரை யார் பக்கத்திலும் உட்காராத அளவு நெருங்கி உட்கார்ந்தது.

"சொல்லிடுவானா?" என்று மைக் கிசுகிசுத்தது.

"மாட்டான். ஆனா நான் இவ்வளவு நேரம் இருக்கறதே போதும். அவளுக்குப் புரிஞ்சுடும்" என்றது மௌனம்.

மைக் அவன் மூச்சின் நடுக்கத்தைக்கூடச் சிந்தாமல் வாங்கிக்கொண்டது.

கடைசியில் தணிகைவேல் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு கரையேறினான். "எல்லாரும் நல்லா இருங்க. வளருங்க!"

திரும்பக் கேட்கும் தைரியம் அவனுக்கு இல்லை. கேட்பவள் கேட்டுக்கொள்ளட்டும் என்று வெளியிடும் பொத்தானை அழுத்தினான்.

"அண்ணே, இன்னைக்கு மட்டும் விட்டுடுங்க" என்று கெஞ்சியது மௌனம். "இன்னைக்கு வேற விஷயமே கிடையாது. நான்தான் விஷயம்."

"எத்தனை நொடி?"

"அதை ஏன் கேக்கறீங்க?"

"அரைக்கு மேலதானே? அப்ப தள்ளு."

தணிகைவேல் அன்று சீக்கிரம் வீட்டுக்குப் போனான். சாப்பாட்டுக் கேரியர் திறக்கப்படாமல் கையில் கனத்தது. அவளுக்குத் தெரிந்திருக்கும். அழுவாளோ, திட்டுவாளோ, எதுவானாலும் இனிமேல் இதைத் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை என்று நினைத்தபடி படியேறினான்.

சாருமதி சிரித்த முகமாக அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தாள்.

"ஊருக்கே கேக்கற மாதிரி என் பேரைச் சொல்லிட்டீங்களே! எங்க அக்காவுக்கு உடனே அனுப்பிட்டேன்."

"முழுசாக் கேட்டியா?"

"கேட்காம? என்ன, ரொம்பச் சின்னதா முடிச்சுட்டீங்க. ஆனா ஒரு இடத்துலகூடத் தடுமாறலை. அவ்வளவு சந்தோஷமாப் பேசினீங்க." இயர்போனை மறுபடி காதில் செருகினாள். "இருங்க, இன்னொரு தடவை கேட்டுக்கறேன்."

அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தணிகைவேல் கதவோரம் நின்று வாயைத் திறந்தான். மௌனம் அங்கேயும் வந்தது. அந்த வீட்டில் கத்தரி இல்லை. வெட்ட ஆளில்லாததால் அது முழு உயரத்துக்கு எழுந்து நின்றது.

சாருமதியின் காதில் அவன், "வளருங்க!" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.