கேள்விக்குருவி மரங்கொத்தியான கதை

அந்தக் காலத்தில் பறவை பேசும், பாம்பு பேசும், பட்டைக்குள் நெளியும் புழுகூடத் தன் பங்குக்கு நாலு வார்த்தை பேசும். வாயில்லாமல் நின்றது மரம் ஒன்றுதான். அதனால் மரம் வெட்டப் போகிறவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்று முதலில் மூன்று முறை கேட்க வேண்டும். பதில் வந்தால், வேறு இடம் பார்த்துக்கொள்ள மூன்று நாள் அவகாசம் தர வேண்டும். அதற்குப் பிறகுதான் கோடாலி.

கேட்பதற்கென்றே ஒரு பறவை இருந்தது. உடம்பில் கறுப்பும் வெள்ளையும், தலை முழுக்கக் கறுப்பு, பார்ப்பதற்கு ஒன்றும் விசேஷமாக இருக்காது. கேள்விக்குருவி என்று பெயர். மரத்தில் தொற்றிக்கொண்டு, பட்டையில் வாயை வைத்து, "உள்ள யாரு?" என்று கேட்கும். அணில் இருந்தால் அணில் சொல்லும். ஆந்தை இருந்தால் கொட்டாவி விட்டுக்கொண்டே சொல்லும். மூன்று நாளாகியும் கிளம்பச் சோம்பல்பட்ட புழுக்கள்தான் குருவிக்குக் கூலி. தன் காது ஒருநாளும் தப்பாது என்று அதற்கு ஒரு நினைப்பு உண்டு. நினைப்பென்றால் கொஞ்சநஞ்ச நினைப்பில்லை.

அப்போது மலையடிவாரத்து ஊர் ஒன்றில் பூதலிங்க ஆசாரி என்று ஒரு தச்சன் இருந்தான். அவன் மனைவி உலகம்மை. மூன்று பிள்ளை பெற்றவள். மூன்றும் பதினாறாம் நாள் பெயர் வைக்கும்வரை தங்கவில்லை. எட்டாம் நாள், பத்தாம் நாள் என்று ஒவ்வொன்றாகப் போய்விட்டன.

அந்த ஊரில் அப்படிப் போன பிள்ளையைப் பெற்றவர்கள் புதைக்கக் கூடாது. மருத்துவச்சி துணியில் சுற்றிக் காட்டுக்குள் எடுத்துப்போவாள். வெறுங்கையோடு திரும்பி வருவாள். எங்கே என்று யாரும் கேட்கக் கூடாது, அவளும் சொல்லக் கூடாது. இடம் தெரிந்தால் தாய் அங்கேயே போய் உட்கார்ந்துவிடுவாள், அப்புறம் வீட்டில் உலை கொதிக்காது என்று பெரியவர்கள் செய்து வைத்த ஏற்பாடு. அதில் இருந்த ஓட்டையை அதுவரை யாரும் கவனிக்கவில்லை.

உலகம்மைக்கு நாலாவது முறை ஒன்பதாம் மாதம் நடந்தது. ஊருக்கெல்லாம் கதவும் கட்டிலும் செய்து கொடுத்த ஆசாரி, தன் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு தொட்டில் செய்ததில்லை. முந்திக்கொண்டு செய்தால் கண்பட்டுவிடுமோ என்று பயம். இந்த முறை அவனுக்கு வேறு மாதிரி தோன்றியது.

"தொட்டில் செய்யப்போறேன் உலகு," என்றான். "உனக்குன்னு ஒரு இடம் இருக்குன்னு காட்டினாத்தான் பிள்ளை தங்கும் போலிருக்கு. மூணுக்கும் நான் அதைச் செய்யல."

"செய்யுங்க," என்றாள் உலகம்மை. "ஆனா எதோட கூட்டையும் கலைச்சுட்டு வந்து செய்யாதீங்க. இன்னொண்ணோட வயித்தெரிச்சல் நமக்கு வேண்டாம்."

ஆசாரி கேள்விக்குருவியைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போனான். மருத மரத்தில் கேட்டால் அணில் குட்டி போட்டிருந்தது. தேக்கில் தேனீ. அடுத்த தேக்கில் ஒரு மரநாய் குடும்பத்தோடு இருந்துகொண்டு, மூன்று நாள் போதாது, ஆறு நாள் வேண்டும் என்று சண்டைக்கு வந்தது. பிள்ளை ஆறு நாள் பொறுக்குமா? அலைந்து அலைந்து உச்சிப்பொழுதாகிவிட்டது.

சுனைக்குக் கிழக்கே ஒரு வேங்கை ஒற்றையாக நின்றது. நெடுநெடுவென்று, ஒரு கோணல் இல்லாத மரம். அதன் அருகில் போனதும் சில்வண்டுச் சத்தம் நின்றுவிட்டது. கிளையில் கூடு இல்லை. பட்டையில் ஓர் எறும்பு ஊரவில்லை. அடியில் புல் கட்டையாக இருந்தது. மூன்றே மூன்று இடத்தில் மட்டும், ஒரு முழ நீளத்துக்கு, உயரமாகச் செழித்து நின்றது.

குருவி மரத்தில் தொற்றிக் கேட்டது. "உள்ள யாரு?"

பதில் இல்லை.

"உள்ள யாரு? இருந்தா சொல்லிரு."

மூன்றாம் முறையும் கேட்டது. இலைகூட அசையவில்லை.

"ஆசாரியாரே, உமக்கு யோகந்தான்! உள்ள ஒரு ஈ காக்கா இல்ல. இன்னைக்கே வெட்டலாம்."

ஆசாரி தலையைச் சொறிந்தான். "இம்புட்டுப் பெரிய மரத்துல ஒண்ணுமேயா இல்ல? இன்னொரு தடவ கேளேன்."

"என் காதையே சந்தேகப்படுதீரா? இருந்தா பேசாதா? வாயடைச்சா போச்சு?"

குருவி கோபித்துக்கொண்டால் ஒரு மாதம் வேலைக்கு வராது. அந்தப் பயம் ஒன்று, நாளாகிறது என்ற அவசரம் ஒன்று. ஆசாரி கோடாலியை ஓங்கி வெட்டினான்.

வெட்டிய இடத்தில் சிவப்பாக வடிந்தது. வேங்கைக்கு அப்படித்தான் வடியும், அவனுக்கு அது புதிதில்லை. ஆனால் கையில் பட்டபோது வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் சூடு என்று நினைத்துக்கொண்டான்.

தொட்டில் அழகாகத்தான் வந்தது. ஓர் ஆணி அடிக்காமல், மரத்துக்குள் மரத்தைச் செருகி, மரக்கம்பிகளைக் கடைந்து, கைவைத்தால் வழுக்கும்படி இழைத்திருந்தான். தலைமாட்டுப் பலகையில் மட்டும் மூன்று கணுக்கள் வட்டவட்டமாக, பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எவ்வளவு இழைத்தாலும் மறையவில்லை. இருக்கட்டும், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டான். வேலை முடிந்து தூக்கிப் பார்த்தபோதுதான் திகைத்துப்போனான். மரத்தின் எடை அவனுக்குத் தெரியும். இது அதைவிடக் கனத்தது.

பெண் குழந்தை பிறந்தது. மருத்துவச்சி சடைச்சி வந்து பிரசவம் பார்த்தாள். தொட்டில் அப்போது பட்டறையில் இருந்ததால் அவள் பார்க்கவில்லை. ஏழாம் நாள் தொட்டிலை உத்திரத்தில் மாட்டிக் குழந்தையை அதில் போட்டார்கள்.

போட்டதும் அழுகை நின்றது. உலகம்மைக்குச் சந்தோஷம். ஆனால் நடுவில் படுக்கவைத்த பிள்ளை, திரும்பிப் பார்ப்பதற்குள் ஓரத்தில் ஒடுங்கிக் கிடந்தது. மறுபடி நடுவில் போட்டாள். மறுபடி ஓரம். பக்கத்தில் படுத்திருப்பவர்களுக்கு இடம் விட்டது போலிருந்தது. கையை எடுத்த பிறகும் தொட்டில் ஆடியது. பிடித்து நிறுத்தினால் நிற்கும், விட்டால் ஆடும். வாசலில் பட்டப்பகல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது, காற்றே இல்லை.

ஒன்பதாம் நாள் பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தால் மார்பு வற்றிக் கிடந்தது. பிள்ளை அன்று இன்னும் வாய் வைக்கவே இல்லை. ஆசாரி தொட்டிலைத் துடைக்கப் போனவன் பலகை ஈரமாக இருப்பதைப் பார்த்து, விரலால் தொட்டு முகர்ந்தான். பால் வாசம்.

பத்தாம் நாள் தலைமாட்டுப் பலகையில் நாலாவதாக ஒரு கணு தெரிந்தது. பட்டாணி அளவுதான். பன்னிரண்டாம் நாள் அது புளியங்கொட்டை அளவாகிவிட்டது. பிள்ளையின் உள்ளங்கை ரேகைகள் நேர்நேராக, இழைத்த பலகையில் ஓடுகிற வரி போலாகியிருந்தன. உடம்பு சில்லிட்டுக் கிடந்தது.

"அறுத்த மரத்துல கணு வளராது உலகு," என்றான் ஆசாரி. "நான் பாத்த மரத்துல எதுலயும் வளர்ந்ததில்ல."

உலகம்மை பிள்ளையை வாரித் தூக்கினாள். தூக்கிய கையிலேயே அதன் மூச்சு நின்றது. அலறிக்கொண்டு தொட்டிலில் போட்டாள். மூச்சு வந்தது. இரண்டாம் முறையும் அப்படியே ஆனதும் ஆசாரி மருத்துவச்சி வீட்டுக்கு ஓடினான்.

சடைச்சி வந்து பிள்ளையைப் பார்க்கவில்லை, தொட்டிலைத்தான் பார்த்தாள்.

"இது எந்த மரம் ஆசாரி?"

"சுனைக்குக் கிழக்க ஒத்தையா நின்ன வேங்கை."

சடைச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சொல்லக் கூடாதுதான். சொல்லாம முடியாது. அங்கதான்யா போட்டேன். மூணையும் அந்த ஒரே மரத்தடியில. ஒண்ணுக்கொண்ணு துணையா இருக்கட்டும்னு. மரம் வேரால எடுத்து மடியில வச்சிருக்கு போல."

உலகம்மை அழவில்லை. "குருவியக் கூப்பிடுங்க," என்றாள்.

கேள்விக்குருவி வந்து தலைமாட்டுப் பலகையில் வாயை வைத்து மூன்று முறை கேட்டது. பதில் இல்லை. "நான் அன்னைக்கே சொன்னேனே, யாருமில்ல," என்று தலையை நிமிர்த்தியது. அந்த நிலையிலும் அதற்கு வீம்பு.

"எட்டு நாள்ல போன பிள்ளைக்கு உன் பேச்சு எப்படித் தெரியும்?" என்றாள் உலகம்மை. "அதுங்க ஒரு வார்த்தையாவது கத்துக்கிட்டா போச்சுங்க? வயித்துல இருக்கும்போது நான் பேசியா கூப்பிட்டேன்? விரலால தட்டுவேன். அது உதைக்கும்."

சொல்லிவிட்டு ஆள்காட்டி விரலால் முதல் கணுவின் மேல் மெல்லத் தட்டினாள்.

உள்ளேயிருந்து ஒரு தட்டு வந்தது.

இரண்டாவது கணுவில் தட்டினாள். வந்தது. மூன்றாவதில் தட்டினாள். அவசரமாக இரண்டு தட்டு வந்தது. நாலாவதில் காதை வைத்தால்தான் கேட்டது, அவ்வளவு பலவீனம். தொட்டிலில் கிடந்த பிள்ளையின் குதிகாலும் அதே நேரம் அசைந்தது. குருவி நிமிர்த்திய தலையைத் தாழ்த்தி, தானும் பலகையில் காதை வைத்தது.

"நாலையும் திறந்து விட்டாத்தான் இது தப்பும்," என்றாள் சடைச்சி. "மூணையும் வச்சுக்கிட்டு ஒண்ண எடுக்க முடியாது. மூணும் தங்கச்சிய விடாது."

"குருவியத் திறக்கச் சொல்லு உலகு," என்றான் ஆசாரி.

"கொஞ்சம் பொறுங்க."

"நேரமில்ல."

"பொறுங்கன்னு சொன்னேன்ல. மூணும் இங்கதான இருக்கு. என் கைக்கு இவ்வளவு பக்கத்துல." மறுபடி தட்டினாள். மறுபடி பதில் வந்தது. மூன்றாவதுதான் துறுதுறுப்பு, அது வயிற்றிலேயே அப்படித்தான் என்று சிரித்தாள். சிரித்த முகத்தில் கண்ணீர் ஓடியது. யாருக்கும் அவளைத் தடுக்க மனம் வரவில்லை. வாசற்படியில் இருந்த வெயில் சுவரேறியது. பிள்ளையின் உதடு பலகை நிறமாக மாறிக்கொண்டு வந்தது.

கடைசியில் உலகம்மை நாலாவது கணுவில் தட்டினாள். பதில் வரவில்லை. இன்னொரு முறை தட்டினாள். வரவில்லை.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். "திற," என்றாள் குருவியிடம்.

"திறந்தா அதுங்க எங்க போகும் தாயி? மரத்தைத்தான் வெட்டியாச்சே."

"யாருமில்லன்னு சொன்னது நீதான? நீயே தேடு. எந்த மரத்துல போய் ஒண்டுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு வந்து எனக்குச் சொல்லு."

குருவி அதுவரை எந்த மரத்தையும் கொத்தியதில்லை. பழக்கமில்லாத அலகால் முதல் கணுவைக் கொத்தியது. மரத்திலிருந்து சிவப்பாகப் பீறிட்டு அதன் தலையில் தெறித்தது. கணு திறந்தது. பிள்ளையின் நெற்றி முடி லேசாக அசைந்தது, அவ்வளவுதான். ஏதோ ஒன்று வாசல் வழியாக வெளியே போயிற்று. இரண்டாவது திறந்தது. மூன்றாவது திறந்தபோது உலகம்மையின் சேலைத் தலைப்பு ஒரு கணம் இழுபட்டது. அவள் அதைப் பிடிக்கவில்லை.

நாலாவது கணு கல்லாக இறுகியிருந்தது. குருவி கண்ணை மூடிக்கொண்டு கொத்தியது. அலகு வலித்தது, தலை கிறுகிறுத்தது, நிறுத்தவில்லை. கணு பெயர்ந்து விழுந்தது.

பிள்ளை வீறிட்டு அழுதது. தெருக்கோடி வரை கேட்கிற அழுகை. உலகம்மை அள்ளி எடுத்தாள். சில்லிட்டுக் கிடந்த உடம்பில் சூடு வந்திருந்தது. அப்போதே பாலுக்கு வாய் தேடியது.

ஆசாரி தொட்டிலைக் கழற்றினான். ஒரே கையால் தூக்க முடிந்தது. அதைக் காட்டுக்குக் கொண்டுபோய் அந்த வேங்கையின் அடிக்கட்டை மேல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தான். பதினாறாம் நாள் பிள்ளைக்குப் பெயர் வைத்தார்கள். அவள் வளர்ந்தாள், ஓடினாள், நாலு பேரிடம் சண்டை போட்டாள்.

மூன்றையும் தேடிப்போன குருவி மட்டும் திரும்பி வரவில்லை. எந்தச் சுனையில் குளித்தும் அதன் தலைச் சிவப்பு போகவில்லை. காட்டுக்குள்ளிருந்து அதன் சத்தம் மட்டும் வரும். தட்டும் சத்தம் திடீரென்று நின்றால், உலகம்மை கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவாள். மறுபடி தட்டத் தொடங்கியதும் உள்ளே போவாள். அவள் காலம் முடியும்வரை அப்படித்தான் நடந்தது.

அன்று முதல்தான் அந்தப் பறவை வாய்விட்டு எதையும் கேட்பதில்லை. மரம் மரமாகப் போய்த் தட்டுகிறது, தட்டிவிட்டுச் சிவந்த தலையைச் சாய்த்துக்கொண்டு, உள்ளேயிருந்து யாராவது திரும்பத் தட்டுகிறார்களா என்று அசையாமல் காத்திருக்கிறது.